வயிற்றில் பிள்ளை, பித்தப்பையில் கல்

வளைகாப்பு நடந்த அன்று ராத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புளிசாதம், தேங்காய்சாதம், வடை, அதிரசம் என்று ஆளாளுக்கு ஊட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் வலது விலாவுக்குக் கீழே கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு வலி கிளம்புகிறது. முதுகுக்குப் போகிறது, வலது தோள்பட்டைக்கு ஏறுகிறது. புரண்டு படுத்தாலும் அடங்கவில்லை, வாந்தி வேறு. "கேஸ் புடிச்சிருக்கும்மா, ஓமத்தண்ணி வச்சித் தர்றேன், குடிச்சிட்டுப் படு" என்கிறார் மாமியார். இரண்டு மூன்று மணி நேரத்தில் வலி தானாக இறங்குகிறது. பெயர் ஓமத்தண்ணிக்குப் போய்விடுகிறது.

அடுத்த வாரம் ஒரு கறிக்குழம்புக்குப் பிறகு அதே வலி, அதே இடத்தில் திரும்ப வந்தால், அது கேஸ் இல்லை என்று சந்தேகப்பட வேண்டிய நேரம் அது.

கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பை பித்தப்பை. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். இந்தப் பை அதை வாங்கிச் சேர்த்து வைத்திருந்து, எண்ணெயும் கொழுப்பும் உள்ளே போனதும் சுருங்கிக் குடலுக்குள் பீய்ச்சுகிறது. கர்ப்ப காலத்தில் இரண்டு காரியம் நடக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் பித்தநீரில் கொலஸ்ட்ரால் அதிகமாகிறது. புரோஜெஸ்ட்ரான் கூடுவதால் பை மந்தமாகிச் சரியாகச் சுருங்குவதில்லை. தேங்கிய குட்டையில் வண்டல் படிகிற மாதிரி முதலில் சேறு, பிறகு கல். பிரசவத்துக்குப் பிறகு ஹார்மோன் இறங்கியதும் அந்தச் சேறு பலருக்குத் தானாகவே கரைந்துவிடும். சில சமயம் சின்னக் கற்களும் காணாமல் போகும். கல் பையின் வாயில் சிக்கிக்கொள்கிற நேரம்தான் வலி. நழுவி உள்ளே விழுந்ததும் வலி நின்றுவிடும்.

"மாசாமாசம் ஸ்கேன் எடுத்தோமே, ஒண்ணும் சொல்லலியே" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஸ்கேன் பிள்ளையைப் பார்ப்பதற்கு எடுத்தது. ஐந்தாம் மாதத்தில் குழந்தையின் தலை, முதுகெலும்பு, இதயம் எல்லாம் பார்த்திருப்பார்கள். அம்மாவின் பித்தப்பை அந்தக் கணக்கில் வராது. மேல்வயிற்றைத் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஐந்தாறு மணி நேரம் சாப்பிடாமல் போனால் பை நிரம்பியிருக்கும், கல் தெளிவாகத் தெரியும். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு கிடையாது, பிள்ளைக்குப் பயமில்லை.

ஸ்கேனில் கல் என்று எழுதி வந்ததும் வீட்டில் அடுத்த குழப்பம் ஆரம்பிக்கும். கல் என்றாலே வாழைத்தண்டு சாறு, சிறுபீளைக் கஷாயம் என்று கிளம்பிவிடுவோம். அவை சிறுநீரகக் கல்லுக்கு நம் பக்கம் குடிப்பவை. பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் தொடர்பே இல்லை. எத்தனை குடம் சாறு குடித்தாலும் அங்கே போய்ச் சேராது. இதைவிட விபரீதம் கீழாநெல்லி. கல் பையிலிருந்து நழுவிப் பொதுப் பித்தக்குழாயை அடைத்துக்கொண்டால் கண் மஞ்சளாகும், மூத்திரம் அடர்ந்த நிறத்தில் போகும், மலம் வெளுத்துக் களிமண் மாதிரி இருக்கும். பார்க்க மஞ்சள்காமாலைதான். ஆனால் அடைப்பை எடுக்காமல் அது போகாது. காமாலைக்குப் பச்சிலை கொடுக்கும் ஊரைத் தேடிப் போய் மூன்று நாள் பத்தியம் இருந்தால், அந்த மூன்று நாளில் குழாயில் சீழ் பிடிக்கலாம், கணையம் வீங்கலாம். கர்ப்பிணிக்குக் கணையம் வீங்கினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆறேழு மாதத்துக்கு மேல் வலது மேல்வயிறு வலித்தால் எல்லாம் பித்தப்பை அல்ல. ரத்த அழுத்தம் ஏறி, தலைவலி, கண் மங்கல், கை முகம் வீக்கத்தோடு இந்த வலி வந்தால் அது கர்ப்பகால ரத்த அழுத்த நோய் முற்றிக் கல்லீரலைத் தொட்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் முற்றிலும் வேறு, அவசரமும் அதிகம். குடல்வால்கூட இந்த மாதங்களில் கருப்பை தள்ளித் தள்ளி மேலே ஏறி நின்று வலிக்கலாம். ஆகவே மருந்துக்கடையில் வலியைச் சொல்லி மாத்திரை வாங்காமல், முதலில் பி.பி. பார்க்கிற இடத்துக்குப் போங்கள்.

கல் இருக்கிறது, ஆனால் ஒருநாளும் வலித்ததில்லை என்றால் கத்தி தேவையில்லை. அப்படியே விட்டுவிடலாம். ஒருமுறை லேசாக வலித்து அடங்கியது என்றாலும், ட்ரிப்ஸ், வலிமருந்து, கொழுப்புக் குறைந்த சாப்பாடு என்று மருத்துவர் சமாளித்துப் பார்க்கக்கூடும். ஆனால் இந்த வலிக்குத் திரும்பி வரும் குணம் உண்டு. முதல் மூன்று மாதத்தில் வந்து அடங்கியவர்களில் பெரும்பாலோருக்குப் பிரசவத்துக்குள் மறுபடி வந்துவிடுகிறது. வலி அடிக்கடி வந்தாலோ, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகி எடை இறங்கினாலோ, காய்ச்சலோடு பை அழன்றுவிட்டாலோ, கணையம் தொடப்பட்டாலோ அறுவை சிகிச்சைதான் வழி. கல் குழாயில் சிக்கியிருந்தால் முதலில் வாய்வழியாகக் குழாய் விட்டு அதை எடுப்பார்கள்.

"வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு ஆபரேஷனா? பொறந்ததுக்கு அப்புறம் பாத்துக்கலாம்." இப்படிச் சொல்லாத வீடு குறைவு. சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, டாக்டர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை முதலில் எடுத்தவர் ஜெர்மனியின் எரிக் மூஹே, 1985இல். இந்தியாவில் 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹெம்டன் உட்வாடியா செய்தார். அந்த ஆரம்ப வருஷங்களில் கர்ப்பிணிக்கு இது கூடாது என்ற பட்டியலில்தான் இருந்தது. பிறகு உலகம் முழுக்கச் செய்து பார்த்த அனுபவம் சேரச் சேர அது மாறியது. இன்றைக்குக் கர்ப்ப காலத்தில் பிரசவத்துக்குச் சம்பந்தமில்லாமல் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளில் குடல்வாலுக்கு அடுத்தது பித்தப்பைதான். தேவையான அறுவை சிகிச்சையைக் கர்ப்பத்தைக் காரணம் காட்டி எந்த மாதத்திலும் மறுக்கக் கூடாது என்பதே இப்போதைய வழிகாட்டுதல். நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை வசதியான காலம்: பிள்ளையின் உறுப்புகள் உருவாகி முடிந்திருக்கும், கருப்பையும் மேலே வந்து மறைத்திருக்காது. எட்டாம் மாதத்துக்கு மேல் வலி தாங்கக்கூடியதாக இருந்தால் பிரசவம் வரை காத்திருக்கச் சொல்வதுண்டு. தாங்கக்கூடியது எது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அழன்ற பையை உள்ளே வைத்துக்கொண்டு நாள் கடத்துவது, ஆபரேஷனைவிடப் பிள்ளைக்குக் கெடுதல்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் தியாகதுருகத்துக்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் இப்போது வந்திருக்கிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்பு பெரிய ஆபரேஷன் என்றால் முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என்று கிளம்ப வேண்டியிருந்தது. எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சர்ஜன், மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், குழந்தைப் பிரிவு நாலும் ஒரே இடத்தில் இருக்கிறதா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டு போய், காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே விசாரித்துவிடுங்கள். கல்வராயன் மலையில் இருப்பவர்கள் பாடு வேறு. வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களிலிருந்து நடுராத்திரியில் வலியோடு இறங்குவது லேசான காரியமில்லை. ஒரு தடவை வலி வந்து அடங்கியதுமே, பகலில், நல்லபடியாக இருக்கும்போதே கீழே வந்து ஸ்கேன் பார்த்துவிடுவது உத்தமம்.

தியேட்டருக்குள் போவதற்கு முன் ஒரு சின்ன ரகளை நடக்கும்: வளையல். வளைகாப்பில் போட்ட வளையலைக் கழற்றக் கூடாது என்று பாட்டி நிற்பார், கழற்றித்தான் ஆக வேண்டும் என்று நர்ஸ் நிற்பார். கையில் ஊசி ஏற்ற வேண்டும், கண்ணாடி உடைந்தால் குத்தும். மெட்டி, தங்கம் போன்ற உலோகம் இருந்தால் ரத்தக்கசிவை நிறுத்த உள்ளே பயன்படுத்தும் மின்கருவியால் தோல் சுட்டுப்போகலாம். ஒரு துணியில் முடிந்து பாட்டி கையிலேயே கொடுத்துவிட்டால் இருவருக்கும் சமாதானம்.

மேசையில் நேராக மல்லாத்திப் படுக்க வைக்க மாட்டார்கள். வலது இடுப்புக்கு அடியில் மடித்த துணியைச் செருகி இடது பக்கம் சாய்த்துவிடுவார்கள். கருப்பையின் கனம் முதுகெலும்பை ஒட்டிப் போகும் பெரிய ரத்தக்குழாயை நசுக்கினால் தாய்க்கு பி.பி. இறங்கும், பிள்ளைக்கு ரத்தம் குறையும், அதனால் இந்தச் சாய்வு. முழு மயக்கம் கொடுத்து, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை 10 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்குள் நிரப்பி இடம் உண்டாக்குவார்கள். ஐந்தாம் மாதத்தில் கருப்பை தொப்புள் வரை வந்துவிடும் என்பதால், முதல் துளையை அதற்கு ஏற்ப மேலே தள்ளிப் போடுவார்கள். மொத்தம் மூன்று நாலு துளை. பையை அப்படியே, கல்லோடு எடுத்துவிடுவார்கள். கல்லை மட்டும் எடுத்தால் பை மறுபடி கல் கட்டும். ஆரம்பிக்கும் முன்பும் முடிந்த பின்பும் வயிற்றில் கருவியை வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்பார்கள். குதிரை ஓடுகிற மாதிரி தடதடவென்று அந்தச் சத்தம். மயக்கம் தெளிந்தவுடன் அதைக் கேட்க வேண்டும் என்று நீங்களே கேட்கலாம், கேட்க வைப்பார்கள்.

மறுநாள் பலர் மிரளுவது வயிற்று வலிக்கு அல்ல, தோள்பட்டை வலிக்கு. மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்தும், அதன் நரம்பு தோளில் போய்ச் சொல்லும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆபரேஷன் ஆன அன்று சாயங்காலமே எழுப்பி நடக்க வைப்பார்கள். "பச்ச ஒடம்பு, படுத்தே கெடக்கட்டும்" என்று தடுக்காதீர்கள். கர்ப்பிணிக்குக் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம், படுத்தே கிடந்தால் இன்னும் கூடும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே சொல்லிவிட வேண்டும்.

வலிக்குப் பாராசிட்டமால்தான் பொதுவாகக் கொடுப்பது. வீட்டுக்கு வந்தபின் வலி அதிகமென்று மருந்துக்கடையில் டைக்லோஃபெனாக், இபுபுரூஃபன் வகை வாங்கிப் போடக் கூடாது. ஐந்தாம் மாதத்துக்கு மேல் அவை பிள்ளையின் சிறுநீரகத்தையும் இதயத்து ரத்தக்குழாயையும் தொடும். இரும்புச்சத்து மாத்திரையால் ஏற்கெனவே மலம் இறுகியிருக்கும், முக்கினால் தையல் இழுக்கும். மலமிளக்கி கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். புண்ணில் மஞ்சள், எண்ணெய், திருநீறு எதுவும் வைக்காதீர்கள். தண்ணீர்க் குடம், மூட்டை, மூத்த பிள்ளை எதையும் நாலைந்து வாரம் தூக்க வேண்டாம். வயிறு நாளுக்கு நாள் பெரிதாகும்போது தழும்பு இழுக்கும், அரிக்கும், அது இயல்பு.

சாப்பாட்டில்தான் நம் வீடுகள் தவறு செய்கின்றன. ஆபரேஷன் என்றதும் பத்தியம் என்று ரசம் சோறும் பொரித்த அப்பளமும் வைப்பார்கள். இருக்க வேண்டியது தலைகீழாக. எண்ணெய் சில வாரம் குறைய வேண்டும், சத்து குறையக் கூடாது. இட்லி, பருப்புச் சாதம், கேழ்வரகுக் கூழ், சாமைச் சோறு, மோர், அவித்த முட்டை, குழம்பில் வெந்த மீன். ஒரேயடியாகச் சாப்பிடாமல் பிரித்துப் பிரித்துச் சாப்பிடலாம். பை இல்லாவிட்டாலும் கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். சேர்த்துவைக்க இடமில்லாமல் சொட்டுச் சொட்டாக நேரே குடலுக்குப் போகும், அவ்வளவுதான். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகிப் போகும். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும்.

காய்ச்சல், கண் மஞ்சள், குறையாமல் கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி அல்லது உப்பல், விட்டு விட்டு இறுகும் வயிறு, ரத்தமோ நீரோ கசிவது, பிள்ளை அசைவு குறைவது: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108க்குப் போன் போடுங்கள்.

இந்தத் துளைத் தழும்புகளுக்காகச் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை, தாய்ப்பாலுக்கும் தடையில்லை. ஆனால் பிரசவ வார்டில் அன்றைக்கு டியூட்டியில் இருக்கும் நர்சுக்கு இந்தக் கதை தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றைத் தாய்சேய் நலப் புத்தகத்தின் அட்டைக்குள் செருகி வையுங்கள்.