அவசரகாலமும் ஊரடங்கும்: நோய்க்கால ஆணைச் சொற்கள், மூவாரை முன்வைத்து

முன்னுரை

2013ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் காலை, மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746 எனப் பதிவாயிற்று. சுமத்திராவின் கரிநிலங்களில் மூண்ட தீயின் புகை நீரிணையைக் கடந்து வந்ததே இதற்குக் காரணமாகும். குறியீடு 500ஐத் தாண்டினால் அவசரநிலை அறிவிக்கலாம் என்பது விதி. அதன்படி மூவாரிலும் லெடாங்கிலும் (இன்றைய தங்காக்) அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்போதைய இயற்கைவள, சுற்றுச்சூழல் அமைச்சர் ஜி. பழனிவேல் இவ்வறிவிப்பை வெளியிட்டார். பள்ளிகள் மூடப்பட்டன, மக்கள் வீட்டிற்குள் இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். ஜூன் 25ஆம் நாள் அவ்வறிவிப்பு மீட்டுக்கொள்ளப்பட்டது.

எட்டு ஆண்டுகளுக்குள் அதே சொல் மீண்டும் ஒலித்தது. 2021ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், கோவிட்-19 பெருந்தொற்றை முன்னிட்டு நாடு முழுமைக்கும் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அதனை மக்களுக்கு விளக்கிய பிரதமர் முகிதின் யாசின், மூவாரில் பிறந்தவர். மூவார் மாவட்டத்துப் பாகோ தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். மலாய் மொழியில் இரண்டும் 'டாருராட்' என்றே வழங்கின. தமிழிலும் பெரும்பாலும் ஒரே சொல்லே ஆளப்பட்டது. ஆயினும் சட்டத்தின் பார்வையில் இவை இரண்டும் வெவ்வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தி, நோய்க்கால ஆணைகளைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களை எவ்வாறு வரையறுத்துக் கையாளலாம் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சொல், இரு அதிகாரங்கள்

மூவாரில் 2013இல் அறிவிக்கப்பட்டது, பேரிடர் மேலாண்மை சார்ந்த ஒரு நிருவாக நடவடிக்கையாகும். அது அரசியலமைப்பின் எப்பகுதியையும் நிறுத்திவைக்கவில்லை. 2021இல் அறிவிக்கப்பட்டதோ, கூட்டரசு அரசியலமைப்பின் 150ஆவது பிரிவின்கீழ் மாமன்னர் செய்த பிரகடனமாகும். அதனைத் தொடர்ந்து பிறப்பிக்கப்பட்ட அவசரகாலச் சட்டம், நாடாளுமன்றக் கூட்டத்தையும் மாநிலச் சட்டமன்றக் கூட்டங்களையும் தேர்தல்களையும் ஒத்திவைக்க வழிவகுத்தது. 2021 ஆகஸ்டு 1ஆம் நாள் வரை அது நீடித்தது. முன்னது மக்களின் மூச்சைக் காப்பதற்கான எச்சரிக்கை. பின்னது ஆட்சியமைப்பின் இயல்பான நடைமுறையையே மாற்றிய ஆணை.

'அவசரகாலம்' என்பது மலேசியத் தமிழரின் நினைவில் வெறும் அகராதிச் சொல்லன்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டத் தொழிலாளர்கள் முள்வேலிக்குள் மறுகுடியமர்த்தப்பட்டதும், அரிசி பங்கிட்டு வழங்கப்பட்டதும், 1969ஆம் ஆண்டு மே மாதத்து ஊரடங்கும் அச்சொல்லோடு பிணைந்துள்ளன. எனவேதான் 2021இல், இது இராணுவப் புரட்சியன்று, ஊரடங்கும் நடைமுறைக்கு வராது எனப் பிரதமரே தம் உரையில் விளக்க வேண்டியதாயிற்று.

மாநில அரசின் இடம்

இத்தகைய வேளைகளில் மாநில அரசாங்கம் யாது செய்ய இயலும் என்பதும் தெளிவாக்கப்பட வேண்டியதே. மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை, பொதுச் சுகாதாரத்தையும் நோய்த் தடுப்பையும் கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் உரிய பொதுப் பட்டியலில் வைத்துள்ளது. எனினும், 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி, ஓரிடத்தை நோய் பரவிய பகுதியென அரசிதழில் அறிவிக்கும் அதிகாரம் கூட்டரசு அமைச்சருக்கே உண்டு. ஊராட்சி மன்றங்கள் மாநிலப் பட்டியலைச் சார்ந்தவை. ஆதலின் சந்தை, அங்காடிக் கடை, இரவுச் சந்தை ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதில் மாநிலத்தின் கை இருக்கிறது. பள்ளிவாசல்கள் தொடர்பான முடிவுகளும் அவ்வாறே. சுருங்கக் கூறின், ஆணை புத்ராஜெயாவிலிருந்து வருகிறது. அதன் அன்றாட நடைமுறையில் மாநிலத்துக்கும் பங்குண்டு.

தமிழ்நாட்டின் நிலை இதனின்று வேறானது. அங்கே பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது; 1939ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம் தனக்கெனப் பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்றை இயற்றிக்கொண்டது. 2020 மார்ச் 24ஆம் நாள் மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டு அரசு 144 தடை உத்தரவை நடைமுறைப்படுத்தியது. நாடளாவிய முடக்கம் மறுநாள்தான் தொடங்கியது.

ஊரடங்கும் நடமாட்டக் கட்டுப்பாடும்

இருநாட்டுத் தமிழ் ஏடுகளையும் படிக்கும் ஆசிரியர்க்கு இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. அம்முடக்கத்தைத் தமிழ்நாட்டு ஏடுகள் 'ஊரடங்கு' என்றன. மலேசியாவிலோ, 2020 மார்ச் 18ஆம் நாள் தொடங்கிய நடவடிக்கை 'நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை' எனப்பட்டது. இங்கு 'ஊரடங்கு' என்பது, குறித்த நேரத்தில் வெளியில் நடமாடுவதையே தடைசெய்யும் பாதுகாப்பு ஆணையாகும். நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது உணவும் மருந்தும் வாங்கச் செல்லலாம். ஊரடங்கில் அதற்கு இடமில்லை. ஒரே சொல் கடலின் இருகரைகளில் இருவேறு பொருள் தந்தது.

ஜொகூரிலேயே இதற்கு இன்னொரு சான்று கிடைக்கிறது. 2020 மார்ச் 27ஆம் நாள், குளுவாங் மாவட்டம் சிம்பாங் ரெங்கத்தை அடுத்த டத்தோ இப்ராகிம் மஜிட் கிராமத்திலும் அதன் புதிய குடியிருப்பிலும் நாட்டின் முதலாவது கடுமையாக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 650 குடும்பங்களைச் சேர்ந்த 3,570 பேர் வீட்டைவிட்டு வெளியேற இயலாதவராயினர். கடைகள் மூடப்பட்டன; சாலைகள் அடைக்கப்பட்டன. ஆனால், அதே ஆணை அரசுக்கும் கடமையை வகுத்தது: சமூக நலத்துறை உணவுப்பொருள் வழங்க வேண்டும், அப்பகுதியிலேயே மருத்துவத் தளம் அமைக்கப்பட வேண்டும். 'கடுமையாக்கப்பட்ட' என்னும் அடைமொழி தடையை மட்டுமே உணர்த்துகிறது. மக்களுக்குரிய உரிமையை அது மறைத்துவிடுகிறது.

சொல் தெளிவின்மையின் விலையும் சிறிதன்று. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1,000 ரிங்கிட்டாக இருந்த அதிகபட்ச அபராதம், 2021 மார்ச் 11ஆம் நாள் முதல், தனிமனிதருக்கு 10,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆணையைப் பிழையாக விளங்கிக்கொண்டு வெளியே சென்ற தொழிலாளி ஒருவர், பல மாத ஊதியத்தை இழக்கக்கூடிய நிலை அது.

முடிவுரை

மேற்கூறியவற்றை நோக்குமிடத்து, 150ஆவது பிரிவின்கீழ் வரும் பிரகடனத்திற்கு மட்டுமே 'அவசரகாலம்' என்னும் சொல்லை ஆள்வது பொருத்தமாகும். புகைமூட்டம், வெள்ளம் போன்றவற்றுக்குப் 'பேரிடர் அவசரநிலை' எனலாம். 'ஊரடங்கு' என்பதைப் பாதுகாப்பு ஆணைக்கே உரியதாக்கலாம். தமிழ்நாட்டுச் செய்தியை வகுப்பில் பயன்படுத்தும்போது அங்குள்ள பொருளைச் சுட்டிக்காட்டுதல் நலம்.

மாணவர்க்குச் சொல்லின் பொருளை மட்டும் கற்பித்தல் போதாது. ஓர் ஆணையை வாசித்தவுடன், இதனைப் பிறப்பித்தவர் யார், எச்சட்டத்தின்கீழ், எந்நாள் வரை, எமக்கு அரசு செய்ய வேண்டியது யாது என்னும் நான்கு வினாக்களை எழுப்ப அவர்களைப் பழக்க வேண்டும். பல இல்லங்களில் அரசாங்கத்தின் மலாய் அறிவிப்பைப் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் தமிழில் எடுத்துரைப்பவர் பள்ளி செல்லும் பிள்ளையே ஆவர். அப்பிள்ளை எடுத்தாளும் சொல்லைக் கொண்டே அன்று அக்குடும்பம் வாசற்கதவைத் திறப்பதா அடைப்பதா என முடிவு செய்கிறது.