வலமிருந்து வரும் இணைய முகவரி

எகிப்து, சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் தங்கள் நாட்டுப் பெயரை அரபு எழுத்திலேயே இணைய முகவரியின் கடைசிப் பகுதியாகப் பெற்றது 2010 மே மாதத்தில். டாட் காம் போல, எகிப்துக்கு டாட் மிஸ்ர்.

கணினிக்கு இதில் குழப்பம் எதுவும் இல்லை. தட்டிய வரிசையிலேயே எழுத்துகளைச் சேமிக்கும். முகவரியைத் தேடும்போது ப்யூனிகோடு முறைப்படி ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட சரமாக மாற்றிக்கொள்ளும். தொல்லையெல்லாம் திரையில்தான். அரபும் ஹீப்ருவும் வலமிருந்து ஓடுகின்றன, ஆங்கிலம் இடமிருந்து. நடுவில் வரும் புள்ளிக்கும் சாய்கோட்டுக்கும் சொந்தத் திசை கிடையாது. அக்கம்பக்கத்து எழுத்துகள் இழுத்த பக்கம் போய்விடும்.

முதலில் ஆங்கிலத்தில் மூன்று டபிள்யூ, அடுத்து அரபில் ‘கிதாப்’, கடைசியில் ‘மிஸ்ர்’ என்று ஒரு முகவரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலப் பக்கத்தில் இடது ஓரம் டபிள்யூக்கள் நிற்கும். அவற்றை ஒட்டி மிஸ்ர். கிதாப் வலது ஓரத்தில். கடைசியில் இருக்க வேண்டியது நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. சாய்கோடு போட்டு இன்னொரு அரபுச் சொல்லைச் சேர்த்தால், அது மிஸ்ரையும் தள்ளிவிட்டு டபிள்யூக்களின் பக்கத்தில் போய் நிற்கும்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. ஆங்கிலப் பகுதி முதலிலும் அரபுப் பகுதி அடுத்தும் வரும் முகவரியை ஆங்கிலப் பக்கத்திலும், அதே இரு பகுதிகள் இடம் மாறிய முகவரியை அரபுப் பக்கத்திலும் பார்த்தால், இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். போகும் இடம் மட்டும் வேறு.

திரையில் எழுத்தை அடுக்கும் யூனிகோடு விதியை உலகத்து மென்பொருள் எல்லாம் ஏற்கெனவே பின்பற்றுகிறது. அதில் கை வைக்க முடியாது. ஆகவே பெயர்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. வலமிருந்து எழுதும் பெயர் அப்படிப்பட்ட எழுத்திலேயே தொடங்கி, அப்படிப்பட்ட எழுத்திலேயே முடிய வேண்டும் என்றது 2003ஆம் ஆண்டு விதி. ஈற்றில் உயிர்க்குறி வரக் கூடாது. அரபிலும் ஹீப்ருவிலும் அன்றாட எழுத்தில் அந்தக் குறிகளைப் பெரும்பாலும் போடுவதில்லை என்பதால் அங்கே இது உறுத்தவில்லை.

மாட்டிக்கொண்டது மாலத்தீவின் திவேஹி மொழி. வலமிருந்து ஓடும் அதன் தானா எழுத்தில் மெய்யின் மேலோ கீழோ குறி இட்டே ஆக வேண்டும். உயிர் இல்லாத இடத்தில் ‘சுகுன்’ என்ற குறி. ஏறக்குறைய எல்லாச் சொல்லும் குறியில்தான் முடியும். கம்ப்யூட்டருக்கான திவேஹிச் சொல்லையே முகவரியாக வைக்க வழியில்லை! ஹீப்ரு எழுத்தில் எழுதப்படும் இத்திஷ் மொழிக்காக நியூயார்க்கில் உள்ள ஆய்வு நிறுவனமான ‘யீவோ’வின் பெயரும் குறியில் முடிவதால், அதற்கும் அதே கதி. மாலத்தீவின் தலைநகர் மாலேயில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஆனால் திருத்தம் வர ஏழு ஆண்டு ஆயிற்று. ஹரால்ட் ஆல்வெஸ்ட்ராண்டும் கேரி கார்ப்பும் எழுதிய ஆர்எஃப்சி 5893 என்ற இணைய விதி ஆவணம் 2010 ஆகஸ்ட்டில் வெளிவந்து, ஈற்றுக் குறிகளை அனுமதித்தது. அரபு எண்களையும் நாம் எழுதும் எண்களையும் ஒரே பெயரில் கலக்கவும் தடை போட்டது.

தமிழிலும் எத்தனையோ சொற்கள் புள்ளி வைத்த மெய்யில் முடிகின்றன. யூனிகோடு கணக்கில் அந்தப் புள்ளியும் இதே வகைக் குறிதான். நாம் இடமிருந்து எழுதுவதால் தப்பித்தோம்.

இரு பக்கங்களில் ஒன்றுபோலத் தெரியும் முகவரிச் சிக்கலைப் புதிய விதியும் தீர்க்கவில்லை. அரபும் ஆங்கிலமும் கலந்த முகவரி மின்னஞ்சலில் வந்தால், எது கடைசிப் பகுதி என்று கண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள். ப்யூனிகோடு வடிவத்தைப் பாருங்கள். அதில் எல்லாம் இடமிருந்து வலமாகவே இருக்கும்.