தண்ணீரில் மிதந்தும் சூடு தணியவில்லை!

ஏரியில் ஒரு சின்னஞ்சிறு படகு சீறிப் பாய்கிறது. அதில் ஆள் இல்லை; துடுப்பும் இல்லை. கரையில் நிற்கும் பையனின் கையில் ஒரு பெட்டி இருக்கிறது. அதன் விசையை அவன் அழுத்துகிறான். படகு வளைகிறது; திரும்புகிறது; மறுபடியும் பாய்கிறது.

திடீரென்று படகு நின்று விடுகிறது. விசையை எவ்வளவு அழுத்தினாலும் அசையவில்லை. உள்ளே இருந்து மெல்லிய புகை கிளம்புகிறது.

சுற்றிலும் தண்ணீர். நடுவிலே நெருப்பு! இது எப்படி?

ரேடியோ மூலம் ஓடும் மின்சாரப் படகு வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன துன்பம். படகுக்குள் இருக்கும் ஒரு சிறு கருவி சூடு தாங்காமல் கருகி விடுகிறது. அதைக் காப்பாற்ற வழி இருக்கிறது. பெரிய செலவும் இல்லை.

டெஸ்லாவின் படகு

ரேடியோ படகு இன்று நேற்று வந்தது அல்ல. 1898-ம் ஆண்டிலேயே நிகோலா டெஸ்லா என்ற விஞ்ஞானி அதைச் செய்து காட்டினார். நியூயார்க் நகரில் உள்ள மாடிசன் ஸ்கொயர் கார்டனில், தண்ணீர்த் தொட்டி ஒன்றில் அவருடைய படகு ஓடியது. அதே ஆண்டு நவம்பர் 8-ந் தேதி அமெரிக்க அரசு அவருக்குக் காப்புரிமை வழங்கியது. அந்தப் படகிலும் பாட்டரி இருந்தது. மின்சார மோட்டார் இருந்தது.

இன்றைய படகுகளின் வேகமே வேறு. லித்தியம் பாட்டரி வந்த பிறகு, ஒரு முழப் படகுகூட மோட்டார் சைக்கிள் வேகத்தில் பறக்கிறது. வேகம் வந்தது. கூடவே சூடும் வந்தது!

சூடு பிறக்கும் இடம்

பாட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. மோட்டார் மெதுவாகச் சுழல வேண்டுமா, வேகமாகச் சுழல வேண்டுமா என்று முடிவு செய்வது அதுதான். அதற்குள் பல டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அவை ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தைத் திறந்து மூடுகின்றன.

வீட்டில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 5 ஆம்பியர் மின்சாரம்கூடத் தேவை இல்லை. பாட்டரியின் வோல்ட் குறைவு. அதனால் படகில் ஆம்பியர் ஏறி விடுகிறது. வேகப் படகுகளில் 100 ஆம்பியர் ஓடுவது சாதாரணம்.

ஆம்பியர் இரண்டு மடங்கு ஆனால், கம்பியிலும் டிரான்சிஸ்டரிலும் பிறக்கும் சூடு நான்கு மடங்கு ஆகும். 100 ஆம்பியரில் 20 வாட் சூடு பிறக்கும் என்று வைத்துக்கொள்வோம். 200 ஆம்பியரில் 40 வாட் அல்ல, 80 வாட்! திறந்து மூடும்போது பிறக்கும் சூடு இதற்கு மேல்.

ஆகவேதான் கருவியின் மேல் ஓர் அலுமினியத் தகடு வைத்து, அதில் தண்ணீர்க் குழாயை ஓட விடுகிறார்கள். ஏரித் தண்ணீரே குழாய்க்குள் புகுந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, படகின் பக்கவாட்டில் வெளியே பீச்சுகிறது.

தண்ணீர் ஓடியும் கருவி கருகுகிறதே, ஏன்?

ஐஸ் வேண்டாம்!

"தண்ணீர் போதவில்லை. இன்னும் குளிர்ந்த தண்ணீர் வேண்டும்" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை புரியும்.

ஒரு நிமிடத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. கருவியில் 50 வாட் சூடு பிறக்கிறது. அந்தச் சூடு முழுவதையும் வாங்கிக்கொண்டாலும், தண்ணீரின் சூடு ஒன்றரை டிகிரிகூட ஏறாது! அரை லிட்டரே தாராளம். ஐஸ் தேவை இல்லை.

குறை தண்ணீரில் இல்லை. சூடு தண்ணீரிடம் வந்து சேருவதே இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

நடுவே நிற்கும் தடை

டிரான்சிஸ்டருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே ரப்பர் போன்ற ஒரு மெல்லிய அட்டை இருக்கும். தகட்டுக்கு மின்சாரம் பாயாமல் தடுப்பது அது. அதை எடுத்து எறிந்து விடக் கூடாது. ஆனால் மட்டமான அட்டையாக இருந்தால், மின்சாரத்தோடு சூட்டையும் தடுத்து விடும்.

ஒரு மில்லி மீட்டர் கனம், 10 சதுர சென்டி மீட்டர் பரப்பு உள்ள சாதாரண அட்டை. அதன் வழியாக 50 வாட் சூடு போக வேண்டும். அட்டையின் இரு பக்கத்துக்கும் சுமார் 50 டிகிரி வித்தியாசம் உண்டாகும். தகடு ஜில்லென்று இருக்கும். அடியில் டிரான்சிஸ்டர் வெந்துகொண்டிருக்கும்!

அட்டையின் கனத்தைப் பாதியாக்கி, சூட்டை மூன்று மடங்கு நன்றாகக் கடத்தும் ரகமாகப் போட்டால், அந்த வித்தியாசம் 8 டிகிரிதான்.

அட்டையைவிட மோசமானது காற்று. சாதாரண அட்டையைவிட அது சுமார் 40 மடங்கு மட்டமான கடத்தி. தகடு சற்றே வளைந்திருந்தாலும், திருகு ஒரு பக்கம் தளர்ந்திருந்தாலும், இடுக்கில் காற்று புகுந்து கம்பளி போர்த்தியதுபோல் ஆகி விடும். தகட்டைச் சமமாகத் தேய்த்து, எல்லாத் திருகுகளையும் சீராக முடுக்க வேண்டும்.

தண்ணீர்க் குழாயிலும் இதே கதைதான். உருண்டைக் குழாயைத் தட்டைத் தகட்டின் மேல் ஒட்டினால், அது ஒரு கோடு அளவுக்குத்தான் தகட்டைத் தொடும். தகட்டில் அரை வட்டப் பள்ளம் செதுக்கி, அதில் குழாயைப் பதிக்கலாம். தட்டையான அடிப்பாகம் உள்ள அலுமினியக் கட்டிக்குள்ளேயே தண்ணீரை ஓட விடுவது இன்னும் நல்லது.

பளபளப்பாக இருக்கிறதே என்று எவர்சில்வர் தகட்டைப் போடக் கூடாது. சூட்டைக் கடத்துவதில் அது அலுமினியத்துக்குப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எவர்சில்வர் பாத்திரத்துக்குத் தாமிர அடி வைப்பது ஏன் என்று தாய்மார்களுக்குத் தெரியும்!

தண்ணீரின் பாதை

குழாய்க்குள் தண்ணீரைத் தள்ளுவது படகின் வேகம்தான். மணிக்கு 36 கிலோ மீட்டர் வேகத்தில், 5 மீட்டர் உயரத்தில் உள்ள தொட்டியில் இருந்து வரும் தண்ணீருக்கு உள்ள அழுத்தம் கிடைக்கும். வேகம் பாதியானால் அழுத்தம் பாதி ஆவதில்லை. கால் பங்கு ஆகி விடும். பாசியில் மாட்டிக்கொண்டு படகு திணறும்போது மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கும். அந்த நேரம் பார்த்துத் தண்ணீரும் வராது. பாசியில் சிக்கினால் உடனே விசையை விட்டு விட வேண்டும்.

கருவிக்கு ஒரு குழாய், மோட்டாருக்கு ஒரு குழாய் என்று தனித்தனியே வைப்பது நல்லது. ஒரே குழாய்தான் என்றால், தண்ணீர் முதலில் கருவிக்குப் போகட்டும். குழாய் எங்கும் மடங்கக் கூடாது.

படகை இறக்கும் முன், ஊசி போடாத சிரிஞ்சால் தண்ணீரைச் செலுத்திப் பாருங்கள். மறு பக்கம் தாரையாக வர வேண்டும். ஓடும்போதும் அந்தத் தாரையின் மேல் ஒரு கண் இருக்கட்டும். தாரை நின்றால் படகைத் திருப்பி விடுங்கள். கடலில் ஓட்டினால், வீட்டுக்கு வந்ததும் குழாயை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு அலுமினியத்தை அரித்து விடும்.

நோய்க்கு மூலம்

சூட்டை ஆற்றுவதைவிடச் சூடு பிறக்காமல் பார்ப்பது மேல். பலர் வேகத்துக்கு ஆசைப்பட்டு, படகின் பின்னால் சுழலும் விசிறியைப் பெரிதாக மாற்றுகிறார்கள். விசிறியின் அளவு பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் அதே சுற்றில் சுழல வேண்டுமானால், அது கேட்கும் சக்தி சுமார் 60 சதவீதம் கூடி விடும்! ஓர் அளவு சிறிய விசிறியைப் போட்டாலே பல கருவிகள் பிழைத்துக்கொள்ளும்.

பாட்டரியில் இருந்து கருவிக்கு வரும் கம்பியும் குட்டையாக இருக்க வேண்டும். அது நீண்டால், கருவியின் வாசலில் இருக்கும் கண்டென்சர்கள் சூடேறி வெடிக்கும். தண்ணீர்த் தகடு அவற்றைத் தொடுவதே இல்லை. கம்பியை நீட்டியே ஆக வேண்டும் என்றால், மோட்டார் பக்கம் நீட்டுங்கள்.

உயிர் பெரிது

இத்தனையும் செய்த பிறகும் ஒரு நாள் படகு நடு ஏரியில் நின்று விடலாம். அப்போதுதான் உண்மையான ஆபத்து. "பக்கத்தில்தானே இருக்கிறது" என்று பையன் தண்ணீரில் குதிப்பான். ஏரியின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. சேறு காலைப் பிடிக்கும், கொடி சுற்றிக்கொள்ளும்.

தூண்டில் நரம்பில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டிப் படகுக்கு அப்பால் வீசி, மெல்ல இழுக்கலாம். அல்லது காற்று கரைக்குத் தள்ளும் வரை காத்திருக்கலாம். புகை வந்தால், படகு கரைக்கு வந்த பிறகும் கிட்டே போகக் கூடாது. லித்தியம் பாட்டரி அடங்கியதுபோல் இருந்து மறுபடியும் தீப்பிடிக்கும்.

கருவி கருகினால் புதிதாக வாங்கலாம். படகு மூழ்கினால் இன்னொன்று செய்யலாம். பிள்ளையைத் தனியே ஏரிக்கு அனுப்பாதீர்கள். படகு விடும்போது பெரியவர் ஒருவர் கரையில் நிற்கட்டும்.