அழையா விருந்தாளி – 9: முதல் கிளைசின்

சென்ற வாரம் இன்ஃப்ளூயென்சா ஏ வைரஸை ஒரு பைக்குள் விட்டுவிட்டு நிறுத்தியிருந்தோம். மூச்சுக்குழாய்ச் செல்லின் மேலிருக்கும் சியாலிக் அமிலத்தைப் பற்றிக்கொண்ட வைரஸை, செல் தன் சவ்வாலேயே சுற்றி உள்ளே இழுத்துக்கொண்டது. எண்டோசோம் என்ற அந்தப் பைக்குள் அது இப்போது இருக்கிறது. செல்லுக்குள் வந்துவிட்டது, ஆனாலும் வந்து சேரவில்லை. மரபணுத் துண்டுகள் எட்டும் வைரஸின் உறைக்குள்ளேயே கிடக்கின்றன. அந்த உறையும் எண்டோசோமின் சவ்வும் ஒன்றாகக் கலந்தால்தான் அவை வெளியே வர முடியும். கலக்கத் தவறினால் பை நேராகச் செரிமான நொதிகளிடம் போய்ச் சேரும்.

சவ்வுகள் லேசில் கலப்பவை அல்ல. கலந்தால் நம் செல்கள் பக்கத்துச் செல்லோடு ஒட்டி எப்போதோ கூழாகியிருக்கும். சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு. தண்ணீரை விரும்பும் தலைகள் வெளிப்புறம், வெறுக்கும் வால்கள் உட்புறம். இரண்டு சவ்வுகள் நெருங்கும்போது, தலைகளைப் பற்றியிருக்கும் தண்ணீரை விரட்டியாக வேண்டும். அதற்கு ஆற்றல் தேவை.

அந்த ஆற்றலைத் தருவது ஹீமக்ளூட்டினின் என்ற முள் புரதம். ஒரே மாதிரியான மூன்று அலகுகள் சேர்ந்த, சுமார் 13.5 நானோமீட்டர் நீளமுள்ள முள் இது. அதன் முழு உருவத்தை 1981இல் இயன் வில்சன், ஜான் ஸ்கேஹல், டான் வைலி மூவரும் வெளியிட்டார்கள். வைரஸின் உறையிலிருந்து முள்ளை வெட்டியெடுக்க அவர்களுக்கு உதவியது புரோமெலைன். அன்னாசிச் செடியிலிருந்து கிடைக்கும் நொதி!

ஒவ்வோர் அலகையும் நம் உடம்பின் நொதியே இரண்டாக வெட்டி வைக்கிறது. வெட்டாத முள்ளால் சவ்வுகளைக் கலக்க முடியாது. வெட்டியதும் இரண்டாம் துண்டின் முனையில் இருபதுக்குச் சற்று அதிகமான அமினோ அமிலங்கள் வெளிப்படுகின்றன. இதுதான் இணைவுப் பெப்டைடு. தண்ணீரை வெறுக்கும் இந்த முனை, முள்ளின் தண்டுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

எண்டோசோமுக்குள் அமிலம் ஏறி பி.ஹெச். 5 அளவுக்கு இறங்கும்போது, எலிப்பொறியின் வில் விடுபடுவது போல முள் பிரிகிறது. தலைகள் விலகுகின்றன. தண்டிலிருந்த தொளதொள வளையம் விறைத்துச் சுருளாகி, ஒளிந்திருந்த பெப்டைடைச் சுமார் 10 நானோமீட்டர் தூரம் எதிர்ச் சவ்வை நோக்கித் தூக்கி எறிகிறது. இப்படித்தான் நடக்க வேண்டும் என்று 1993இல் கார், கிம் இருவரும் சொன்னார்கள். மறு ஆண்டே படிக ஆய்வு அதை உறுதிசெய்தது. ஆனால் அந்தப் படிகத்தில் பெப்டைடே கிடையாது. தண்ணீரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும் என்பதால் அதை முன்பே வெட்டி எறிந்திருந்தார்கள். நாயகன் இல்லாத படம்!

அந்த நாயகனைத் தனியே பிடிக்கச் செயற்கையாகப் பெப்டைடைத் தயாரித்து, சோப்பு போன்ற மூலக்கூறுகளின் திரளில் வைத்து என்.எம்.ஆர். முறையில் பார்த்தார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் லூகாஸ் டாம் குழுவுக்கு 2001இல் கிடைத்தது நடுவில் வளைந்த பூமராங் வடிவம். அவர்கள் எடுத்தது 20 அமினோ அமிலங்கள். 2010இல் ஏட் பாக்ஸ் குழு 23 அமினோ அமிலங்களை எடுத்தது; வடிவம் இறுக்கமான கொண்டை ஊசியாக மாறிவிட்டது. மூன்றே மூன்று கண்ணிகள் சேர்ந்ததில் இவ்வளவு வித்தியாசம். எது நிஜ வடிவம் என்று நடுவராக உட்காரும் அவசரம் எனக்கில்லை. இரண்டிலுமே பெப்டைடு மடங்குகிறது, தண்ணீரை வெறுக்கும் பக்கம் கொழுப்புக்குள் அமுங்குகிறது. சவ்வைக் குத்தித் துளைத்து மறுபக்கம் போவதில்லை. பெரும்பாலும் மேலடுக்கிலேயே பதிந்து கொழுப்பின் ஒழுங்கைக் குலைக்கிறது. அந்த வளைவு முக்கியம்: 14ஆம் இடத்து ட்ரிப்டோபானை எடுத்துவிட்டு அலனினை வைத்தால் கோணம் நிலைக்காமல் தளர்ந்துவிடுகிறது, கலப்பும் நின்றுவிடுகிறது.

என்னை அதிகம் அசத்துவது முதல் கண்ணி. அது கிளைசின், அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. ஜூடித் வைட் குழு 1999இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். சவ்வில் ஒரு சாயம், உள்ளே இருக்கும் நீரில் வேறொரு சாயம் ஏற்றிய ரத்தச் சிவப்பணுக்களை, முள் புரதம் தாங்கிய செல்களோடு ஒட்டவைத்து அமிலம் சேர்த்தார்கள். இயல்பான முள் இருந்தால் இரண்டு சாயமும் அடுத்த செல்லுக்குள் பாயும். முதல் கிளைசினை செரினாக மாற்றியதும் சவ்வுச் சாயம் மட்டும் பரவியது, உள்சாயம் அப்படியே நின்றது. அதாவது இரண்டு சவ்வுகளின் வெளியடுக்குகள் கலந்தன, உள்ளடுக்குகள் கலக்கவில்லை. அரைக் கலப்பு. வேலினை வைத்தபோது அதுவும் நடக்கவில்லை. செரினில் கிளைசினைவிடக் கூடுதலாக இருப்பது ஒரு கார்பனும் ஒரு ஹைட்ராக்சிலும்தான். அவ்வளவு சிறிய மாற்றத்துக்கே வைரஸின் வழி பாதியில் அடைபடுகிறது.

பெப்டைடு பதிந்த பிறகு முள் தன்மேல் மடிந்து இரண்டு சவ்வுகளையும் அருகே இழுக்கிறது. ஒரு முள்ளால் ஆகாது. பக்கத்தில் மூன்று, நான்கு முட்கள் சேர்ந்து இழுக்க வேண்டும். முதலில் வெளியடுக்குகள், அடுத்து உள்ளடுக்குகள், பிறகு துளை. அதன் வழியாக மரபணு வெளியேறுகிறது.

பெப்டைடின் முன்பகுதி வைரஸ் வகைக்கு வகை பெரிதாக மாறுவதில்லை. அதனால்தான் முள்ளின் தண்டைக் குறிவைக்கும் எதிர்ப்பொருள்களில் ஆய்வாளர்களுக்கு இவ்வளவு ஆர்வம். ரஷ்யாவிலும் சீனாவிலும் புழங்கும் உமிஃபெனோவிர் மருந்து தண்டில் போய் ஒட்டி, முள் விரிவதையே தடுக்கிறது. 2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது நம் ஊர் மருத்துவமனைகளில் கொடுத்த ஒசெல்டாமிவிர் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. அது தடுப்பது செல்லிலிருந்து புது வைரஸ்கள் வெளியேறுவதை.

அடுத்த வாரம்: அமிலத்தை வைரஸின் உறைக்குள்ளும் கசியவிடும் எம்2 வாய்க்கால்.