மூடிய கூடாரத்தில் மலர்ந்த சாமந்தி

நீரின்றி மலர் இல்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அதே நீர், கண்ணுக்குத் தெரியாத ஆவியாகிக் காற்றில் மிகுந்து நின்றால், மலருக்கு அதுவே பகையாகும் என்பதை எத்தனை பேர் அறிவோம்? எங்கள் வகுப்பு மாணவியர் அதை ஒரு வருத்தத்தின் மூலமே கற்றுக்கொண்டோம்.

எங்கள் பள்ளித் தோட்டத்தைப் பல ஆண்டுகள் பேணி வளர்த்த சிஸ்டர் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் இறைவனடி சேர்ந்தார். நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளன்று, நாங்களே வளர்த்த வெண்சாமந்திகளை அவர் கல்லறையில் வைக்க வேண்டும் என்று அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்த நாங்கள் தீர்மானித்தோம். எங்கள் மலையூரில் அக்டோபர் மழையும் மூடுபனியும் வெளியில் பூக்கும் சாமந்தியை அழுகச் செய்துவிடும். ஆகவே ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையில் கூடாரம் அமைத்தோம். நான்கடி நீளம், நான்கடி அகலம், ஆறடி உயரம், இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே கறுப்புத் தார்ப்பாய், உள்ளே எல்.இ.டி. விளக்குகள், பன்னிரண்டு தொட்டிகள்.

சாமந்தி நீண்ட இரவை விரும்பும் செடி. நாள்தோறும் ஏறத்தாழ 12 மணி நேரம் இடைவிடாத இருள் கிடைத்தால்தான் நன்கு அரும்பு கட்டும். இருளத் தொடங்கியதிலிருந்து எட்டு முதல் பத்து வாரங்களில் பூக்கும். எனவே ஆகஸ்டு இறுதியில் தொடங்கினோம். துளி வெளிச்சமும் புகாதபடி, இடுக்கெல்லாம் ஒட்டி இறுக மூடினோம். அரும்புகள் கொழுகொழுவென்று வந்தன. அக்டோபர் கடைசி வாரத்தில் வெள்ளிதழ்களில் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. மூன்றாம் நாள் அவற்றின்மேல் சாம்பல் நிறப் பூசணம் பஞ்சுபோல் படர்ந்தது. பன்னிரண்டு தொட்டிகளில் இரண்டே தேறின.

இது ஏன் நேர்ந்தது?

பாட்ரைடிஸ் என்னும் பூசணத்தின் வித்துகள் காற்றில் எங்கும் உண்டு. இதழ்மேல் நீர்ப்படலம் நின்றாலோ, காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி நெடுநேரம் நீடித்தாலோ அவை முளைத்துவிடும். இதழ் இலையைவிட மென்மையானது. அதனால் முதல் அடி அதற்குத்தான்.

எங்கள் கூடாரத்தின் கொள்ளளவு 2.7 கன மீட்டர். 28 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 27 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அப்படியானால் கூடாரம் முழுவதற்கும் சுமார் 74 கிராம். அரைத் தம்ளர் நீர்கூட இல்லை! நாங்களோ தொட்டிக்கு ஒரு தம்ளராகப் பன்னிரண்டு தம்ளர் ஊற்றினோம். செடி உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பங்கு இலைத்துளைகள் வழியே ஆவியாக வெளியேறுகிறது. அது போக வழியே வைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. பகலில் விளக்கெரியும்போது 28 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். இரவில் விளக்கணைந்து 20 டிகிரிக்கு இறங்கினால், ஒரு துளி நீரையும் சேர்க்காமலே ஈரப்பதம் 94 விழுக்காடாக உயர்ந்துவிடும். ஏனெனில் குளிர்ந்த காற்று தாங்கும் நீராவி குறைவு. இன்னும் ஒரு டிகிரி இறங்கினால் இதழ்மேல் பனித்துளி அரும்பும். நாங்கள் நிம்மதியாக உறங்கிய வேளையில் பூசணம் விழித்திருந்தது.

லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு 1829ஆம் ஆண்டளவில், மூடிய கண்ணாடிப் புட்டியினுள் பெரணி ஒன்று தானே முளைத்து வளர்வதைக் கண்டார். பின்னர் அவர் செய்த கண்ணாடிப் பேழைகளில் செடிகள் கடல் கடந்து சென்றன. பெரணிக்கும், வேர்விடும் இளந்துண்டுகளுக்கும் அந்த ஈரம் அமுதம். பூக்கும் பருவத்திலோ 50 முதல் 60 விழுக்காடு இருந்தால் நல்லது. 40க்கும் வெகுவாகக் குறைந்தால் இலை ஓரம் கருகும்.

2024இல் மீண்டும் முயன்றோம். முதலில் அளக்கக் கற்றோம். இரண்டு வெப்பமானிகளை மாட்டி, ஒன்றின் குமிழில் மெல்லிய துணித் திரியைச் சுற்றி, அதன் நுனியை நீரில் தோயவிட்டோம். உலர் குமிழ் 22, ஈரக் குமிழ் 17 எனக் காட்டினால் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காடு. வேறுபாடு ஒரு டிகிரியாகச் சுருங்கினால் 90ஐத் தாண்டிவிட்டது என்று பொருள்.

அடுத்து, காற்றுக்கு வழிவிட்டோம். ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட இலேசானது. வெதுவெதுப்பான காற்றும் மேலேறும். எனவே பழைய கணினியிலிருந்து கழற்றிய விசிறியை உச்சியில் பொருத்தி, கீழே காற்று நுழைய வழி வைத்தோம். ஒளி புகாதிருக்க இரண்டிலும் வளைந்த குழாய்களை அமைத்தோம். மற்றொரு சிறு விசிறி செடிகளுக்கிடையே காற்றை அசைத்தது. தொட்டிகளை ஒன்பதாகக் குறைத்து, அடி இலைகளைக் கிள்ளினோம். நீரை மண்ணில் மட்டுமே ஊற்றினோம்.

ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா ஜெல் வைக்கலாமே என்றாள் ஒரு தோழி. அது தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரையே ஏற்கும். இரண்டு லிட்டர் நீருக்கு நாளொன்றுக்கு ஆறு கிலோ வேண்டும்! அந்த எண்ணத்தைக் கைவிட்டோம்.

எங்களுக்குப் பெரிதும் உதவியது எங்கள் அறிவியல் ஆசிரியை சொன்ன யோசனை: "இரவைப் பகலாக்குங்கள்." மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றிக் காலை ஆறுக்கு அணைத்தோம். குளிர்ந்த இரவில் விளக்கின் சூடு கூடாரத்தை 22 டிகிரியில் வைத்தது. இருண்ட பகலில் அறையின் வெப்பமே 23, 24 டிகிரி இருந்தது. வெப்பம் சரியாததால் பனித்துளியும் தோன்றவில்லை. விளக்கேற்றும் வேளையிலேயே விடுதித் தோழியர் நீர் வார்த்தனர்.

மழை ஓயாத இரவுகளில் வெளிக்காற்றே ஈரமாயிருந்தபடியால் எங்களால் 75 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர இயலவில்லை. ஆயினும் 90ஐத் தொடவிடவில்லை. ஒரே ஒரு பூவில் புள்ளி கண்டோம். வித்துகள் உதிராதபடி அதைக் காகிதப் பையால் மூடி, வெட்டி அகற்றினோம்.

நவம்பர் 2 அன்று எட்டுத் தொட்டிகள் வெண்மையாய்ப் பூத்திருந்தன. தூறலில் அவற்றைச் சுமந்து சென்று கல்லறையைச் சுற்றி வைத்தோம். முதல் ஆண்டும் நாங்கள் அன்பில் குறை வைக்கவில்லை, தோழியரே. அன்பு மிகுதியால் இறுக மூடிவிட்டோம், அவ்வளவே. போற்றி வளர்ப்பதற்கும் ஒரு சாளரம் திறந்திருக்க வேண்டும். சிஸ்டர் இருந்திருந்தால், அதை முதல் நாளே சொல்லியிருப்பார்.

— பத்தாம் வகுப்பு மாணவி