பழைய பேருந்தில் ஒரு வீடு

முதுநகரிலிருந்து காரைக்காலுக்கோ நாகூருக்கோ திருமணத்திற்காக வாடகைப் பேருந்தில் சென்றுவரும் குடும்பங்களுக்கு ஒரு சங்கடம் நன்கு தெரியும். சிதம்பரத்தைத் தாண்டுவதற்குள் ஆண்கள் இரண்டு இடங்களில் இறங்கித் தேநீர் அருந்திவிடுவார்கள். பெண்களோ வீட்டைவிட்டுப் புறப்படும்போதே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வழியில் கழிப்பிடம் இருக்குமா, ஒளுச் செய்ய மறைவான இடம் கிடைக்குமா என்ற கவலைதான்.

வண்டியே வீடாக இருந்தால்? மேலைநாடுகளில் ஓய்வுபெற்ற பேருந்துகளை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் படுக்கை, அடுப்படி, கழிப்பறை ஆகியவற்றை அமைத்துக் குடும்பத்தோடு ஊர்சுற்றுகிறார்கள். நமக்கோ 'கேரவன்' என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும்.

இம்முயற்சியின் இரண்டு பாதிகள் நம் நாட்டிலேயே தனித்தனியாக நடந்துள்ளன. 2020 நவம்பரில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம், மூணாறு பணிமனையில் பழைய பேருந்துகளைத் தங்கும் அறைகளாக மாற்றியது. ஒரு வண்டியில் 16 படுக்கைகள். தொடக்கத்தில் ஓர் இரவுக்கு 100 ரூபாய் கட்டணம். ஆனால் கழிப்பறைக்கு இறங்கிப் பணிமனைக்குள்தான் செல்ல வேண்டும். புனே நகரில் 2016 முதல் பழைய மாநகரப் பேருந்துகள் பெண்களுக்கான கழிப்பறைகளாயின. குழந்தைக்குப் பாலூட்டவும் அவற்றில் இடமிருந்தது. அவற்றின் பெயர் 'தி'. மராத்தியில் 'அவள்' என்று பொருள். அங்கே படுக்கை இருந்தது, கழிப்பறை இல்லை. இங்கே கழிப்பறை இருந்தது, படுக்கை இல்லை!

இரண்டையும் ஓடும் வண்டி ஒன்றில் சேர்ப்பது எளிதன்று. முதலில் நீரின் எடையைப் பாருங்கள். 200 லிட்டர் தொட்டி என்றால் 200 கிலோ. மூன்று பெரியவர்கள் எப்போதும் ஒரே மூலையில் அமர்ந்திருப்பதற்குச் சமம். எனவே தொட்டியைத் தரைமட்டத்தில், அச்சுகளுக்கு இடையில் வைக்க வேண்டும். கழிவுநீருக்குத் தனித் தொட்டி வேண்டும். சாலையில் திறந்துவிடுவது முறையன்று. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். ஆகவே சன்னல் திறந்திருந்தால் போதாது, உருளை இருக்கும் பெட்டியின் அடியில் காற்றுப்போக்கித் துளை அவசியம். நம் துறைமுகத்து உப்புக் காற்றில் கிடந்த வண்டியானால், மேல்பூச்சைப் பார்த்து ஏமாறாமல் அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நல்ல பட்டறைக்காரர் சமாளித்துவிடுவார். சட்டத்தை அவரால் சமாளிக்க இயலாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் அளித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம். கேரவன்களுக்கெனத் தனித் தரவிதிகள் உள்ளன; அவற்றின்படி சோதிக்கப்பட்டு அங்கீகாரம் பெற வேண்டும். நடுத்தரக் குடும்பத்திற்கு அது எட்டாத செலவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஓடாத பேருந்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. 15 ஆண்டுகள் கடந்த அரசுப் பேருந்துகள், 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதியால் உடைப்பு நிலையங்களுக்குச் சென்றுவிடுகின்றன. பதிவை முறைப்படி ரத்துசெய்த தனியார் பேருந்தின் கூடு ஒன்றைச் சிதம்பரம்–நாகப்பட்டினம் சாலையோரப் பள்ளிவாசல் வளாகத்தில் நிறுத்தலாமே! பின்பாதியில் இரண்டு கழிப்பறைகள், நடுவில் ஒளுச் செய்யக் குழாய்கள், முன்பாதியில் திரையிட்டு, பாய் விரித்து, கைக்குழந்தையோடு படுக்க இடம். இருக்கைகளைக் கழற்றினால் ஏறத்தாழ 250 சதுர அடி கிடைக்கும். அந்தந்த ஊர் ஜமாஅத்தார் இதைக் குறித்துப் பேசும்போது, வண்டியின் விலையை மட்டும் கணக்கிடாமல், நாள்தோறும் அதைக் கழுவிச் சுத்தம் செய்பவரின் மாதச் சம்பளத்தையும் முதலிலேயே எழுதிக்கொள்ளட்டும்.