வற்றாமல் வீங்கும் கடைமடை

அரசலாறு கடலில் சேரும் காரைக்கால், காவிரியின் கடைமடை. மேலே தண்ணீர் நின்றால் கீழே வயல் காயும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். மூளையிலும் பெரும்பாலும் அதே கணக்குதான்: தனக்கு வரும் நரம்பிழை அறுந்தால் நரம்பணு மெலிந்து சுருங்கும். ஆனால் மூளைத்தண்டில் ஓர் இடம் இதற்கு நேர்மாறு. இழை அறுந்தால் அது வீங்குகிறது.

மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் இருபுறமும் ஆலிவ் காய்போல ஒரு புடைப்பு உண்டு. அதனுள் இருக்கும் நரம்பணுத் திரளுக்கும் ஆலிவ் என்றே பெயர். அசைவுகளின் தாளத்தைச் சிறுமூளைக்கு அனுப்புவது இதன் வேலை. அந்தத் தாளம் மீறிப் போகாமல் அடக்க, சிறுமூளையின் ஆழத்திலிருந்து ஓர் இழை புறப்பட்டு, எதிர்ப்பக்கம் தாண்டி, நடுமூளை வழியாக ஆலிவுக்கு இறங்குகிறது. இதுதான் மதகு.

1931இல் ஜார்ஜ் கிலான், பியேர் மொலாரே என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் இந்தப் பாதைக் கோளாறை விவரித்தார்கள். இன்றும் அந்தப் பாதை அவர்கள் பெயரால் 'கிலான்–மொலாரே முக்கோணம்'. அப்போது காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. நாளிதழ்களில் ஜி.பி.எஸ். என்று வரும் நரம்பு நோயின் பெயரில் இருப்பவரும் இதே கிலான்தான்.

ரத்தக் கொதிப்பால் மூளைத்தண்டில் கசிவு ஏற்படலாம். மெல்லிய சுவருள்ள ரத்தக்குழாய்கள் மல்பெரிப் பழம்போலத் திரண்ட 'கேவர்னோமா' கசியலாம். ஆலிவை அது தொடக்கூட வேண்டாம், வழியில் மதகு உடைந்தால் போதும். நுண்ணிய மின் இணைப்புகளால் கோத்துக்கிடக்கும் ஆலிவ் அணுக்கள் அடக்குவாரின்றி ஒரே தாளத்தில் துடிக்கத் தொடங்குகின்றன. துடித்துத் துடித்தே பருத்து, உள்ளே குமிழ்குமிழாகிச் சிதைகின்றன.

இந்தத் துடிப்பு உள்ளவரை வாயைத் திறக்கச் சொன்னால் பின் அண்ணமும் உள்நாக்கும் நொடிக்கு ஒன்று முதல் மூன்று முறை ஏறி இறங்குவது தெரியும். பலருக்குத் தூக்கத்திலும் நிற்காது. சிலருக்குக் கண்களும் அதே தாளத்தில் ஆடும். எழுத்து ஆடும், எதிரே நிற்பவர் முகம் ஆடும்.

என்னை மிகவும் வருத்துவது இந்தத் துடிப்பு வரும் நேரம். கசிவிலிருந்து தேறி, குடும்பம் மூச்சுவிடும்போது, வாரங்களோ மாதங்களோ கழித்து வருகிறது. இரண்டாவது பக்கவாதமோ என்று வீடே கலங்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஆலிவ் வெளிறித் தெரியும், ஆறு மாதத்தில் பருத்துத் தெரியும். பழைய கதை தெரியாதவர் பார்த்தால் கட்டி என்று ஐயப்படக்கூடும். அதனால் காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்கோ தஞ்சாவூருக்கோ மருத்துவத்துக்குப் போகிறவர்கள் முதல் கசிவின் ஸ்கேனையும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அந்தப் பழைய படம்தான் தேவையற்ற அறுவையைத் தடுக்கும்.

கண்ணாட்டத்தைச் சிலருக்கு கேபாபென்டினும் மெமன்டினும் ஓரளவு தணிக்கின்றன. வீக்கம் மூன்று நான்கு ஆண்டுகளில் வடிந்துவிடும். அண்ணத்தின் துடிப்பு மட்டும் பெரும்பாலும் தங்கிவிடுகிறது.